முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி

அன்புள்ள கதிருக்கு,

முந்தாநாள் நீ போனில் கேட்டதற்கு நான் அப்போதே பதில் சொல்லவில்லை. "அம்மா, யாழினி கார்ல முன் டயர் ரெண்டும் தேஞ்சிருச்சு. பின்னாடி இருக்கிற அதே கம்பெனி டயர் இங்க கடையில இல்லங்கிறான். வேற கம்பெனி போட்டா பரவாயில்லையா? அப்பாகிட்ட கேட்டுச் சொல்லும்மா" என்றாய். அப்பா பக்கத்தில்தான் இருந்தார். கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் இந்தக் கேள்வியோடு எங்கள் இருவருக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. அது உனக்குத் தெரியாது. கல்யாணம் முடிந்த கையோடு நீங்கள் இருவரும் அந்தக் காரில்தான் கோயம்புத்தூரிலிருந்து சிவகாசி வரப்போகிறீர்கள். அதனால் ஒரு வார்த்தையில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். டயருக்கு இத்தனை பக்கமா என்று யாழினி சிரித்தால் சிரிக்கட்டும். மருமகளாக வருகிறவள் மாமியாரின் கோளாறைக் கொஞ்சம் முன்னாடியே தெரிந்துகொள்வது நல்லதுதான்.

என் கோளாறு என்னவென்று உனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நம் அச்சகத்தில் தினசரித் தாள் காலண்டருக்குப் பிழை பார்க்கிறேன். ராகுகாலமும் எமகண்டமும் இடம் மாறியிருக்கிறதா, அமாவாசை ஒரு தாள் தள்ளிப் போய்விட்டதா என்று பார்த்துப் பார்த்து, யார் எதைச் சொன்னாலும் 'அப்படித்தானா?' என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிற கண் வந்துவிட்டது. சின்ன வயதில் நீ காய்ச்சல் என்று சொன்னால்கூட வெப்பமானியை இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன் என்று இன்றைக்கும் குறை சொல்வாய். இந்தக் கண்ணால் எனக்கு நிம்மதி குறைவுதான். ஆனால் போன புரட்டாசியில் அது ஒரு காரியத்துக்கு உதவியது.

அந்த வருஷம் சித்திரையில் நம் காருக்கு முன் டயர் இரண்டும் தேய்ந்துபோயின. பின் டயர்களில் பள்ளம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. நல்ல பொருளைத் தூக்கிப் போட உன் அப்பாவுக்கு மனம் வராது. டயர் கடை மாரியப்பனிடம் பழைய கம்பெனி இல்லை. வேறொரு கம்பெனியில் புதிதாக வந்திருந்ததை முன்னால் மாட்டிக்கொண்டு வந்தார். கோடை முழுக்க அந்த டயரைப் பற்றியே பேச்சு. "திருப்பினா அப்பிடியே கையோட வருது பாரு" என்பார். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. வெயில் காலத்தில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலை முதலாளிக்குக் காலண்டர் மாதிரி காட்டிவிட்டுத் திரும்பினோம். ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் அப்பா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அந்த வருஷத்தின் முதல் மழை அப்போதுதான் பிடித்தது. மாதக்கணக்காகத் தூசியும் எண்ணெயும் படிந்து கிடந்த ரோடு நனைந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கண்மாய்க்கரை வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது ஒரு ஆடு குட்டியோடு குறுக்கே வந்தது. அப்பா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கை லேசாக மிதித்தார். அவ்வளவுதான். முதலில் கண்ணாடியில் ஆடு தெரிந்தது, பிறகு கண்மாய்க்கரை, பிறகு நாங்கள் வந்த ரோடே தெரிந்தது. கார் ஒரு சுற்றுச் சுற்றி ரோட்டுக்குக் குறுக்காக நின்றபோது, என் பக்கத்துக் கதவுக்கு நேராக ஒரு ஆலை வேன் வந்துகொண்டிருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்கள் அதில் நிறைந்திருந்தார்கள்.

அந்த வேனை ஓட்டியவர் பாண்டி. அப்போது எங்களுக்குப் பேர் தெரியாது. அவர் ஹாரன்கூட அடிக்கவில்லை. வேனை ரோட்டை விட்டுச் சேற்றுக்குள் இறக்கி, கருவேல மரத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டார். உள்ளே கூச்சல். ஒரு தூக்குவாளி படியில் உருண்டு ரோட்டில் விழுந்தது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாருக்கும் அடி இல்லை. திட்டப் போகிறார்கள் என்று நான் சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் வந்து அப்பா பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். கையெல்லாம் வெள்ளி நிறத்தில் பட்டாசு மருந்துப் பொடி. "அண்ணாச்சி, ஒண்ணும் ஆகலேல்ல? இந்தாங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று பாட்டிலை நீட்டினாள். அப்பாவால் வாங்க முடியவில்லை. ஸ்டியரிங்கை விட்டுக் கை வரவில்லை. நான்தான் வாங்கி அவர் வாயில் ஊற்றினேன்.

நாங்கள் வீடு வந்து சேரும் முன்பே யாரோ எடுத்த படம் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு நீ கூப்பிட்டாய். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "அப்பாவுக்கு வயசாயிருச்சும்மா. கண்ணு, காலு எதுவும் முன்ன மாதிரி இல்ல. இனிமே சாவியை அவர் கையில குடுக்காத" என்றாய். பயத்தில் பேசினாய். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அப்பா எதிரே துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார் என்பது உனக்குத் தெரியாது. துவட்டுவதை நிறுத்தினார். பிறகு எழுந்து போய்ச் சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, "நாளைக்கு ஆட்டோக்காரனை வரச்சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் காரை மட்டும் விடவில்லை. அச்சகத்தில் படி ஏறும்போது சுவரைப் பிடிக்க ஆரம்பித்தார். முந்தின மாதம் வரைக்கும் லோடு ஏற்றும்போது நடுவில் நின்று அதட்டியவர், ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரோட்டைக் கடக்க என் முழங்கையைத் தேடினார். தீபாவளிச் சீசன் முடிந்து காலண்டர் வேலை தலைக்கு மேல் நிற்கிற நேரத்தில், "நீயே பாத்துக்கோ, எனக்குச் சரிப்படாது" என்றார். ஒரு வளைவில் ஒரு வண்டி சுற்றியதற்கு ஒரு மனிதர் இப்படி எல்லா இடத்திலும் கிழவராக வேண்டுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதோடு ஒரு சந்தேகமும் இருந்தது. நான் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்? அவர் திருப்பிய பக்கம் காரின் முன்பாதி ஒழுங்காகத் திரும்பியது. பின்பாதிதான், பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி, எங்களை முந்திக்கொண்டு வந்தது. வயசானவர் தப்பு செய்தால் வண்டி முழுக்கத் தப்பாகப் போகாதா? பாதி சொன்னபடி கேட்டு, பாதி கேட்காமல் போவானேன்? காலண்டர் தாளில் ஒரு வரி மட்டும் கோணலாக இருந்தால் அச்சுக் கோத்தவரைத் திட்டும் முன் இயந்திரத்தைப் பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரி.

ஒருநாள் காலையில் போர்ட்டிகோவில் நின்ற காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முன் டயரில் நகத்தை அழுத்தினேன், பதிந்தது. பின் டயரில் அழுத்தினேன், நகம்தான் வலித்தது. குனிந்து பார்த்தபோது பின் டயரின் பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நாலு எண்கள். போனில் தேடிப் பார்த்தேன். முதல் இரண்டு எண் அது செய்யப்பட்ட வாரம், அடுத்த இரண்டு எண் வருஷமாம். எனக்கு வந்த சிரிப்பைச் சொல்லி முடியாது. இத்தனை வருஷம் உலகத்துக்கே தேதி பார்த்துக் கொடுத்த எனக்கு, என் வீட்டு வாசலில் நிற்கும் டயரில் ஒரு காலண்டர் இருப்பது தெரியவில்லை! பின் டயர்கள் இரண்டும் நீ காலேஜ் முடித்த வருஷத்தில் பிறந்தவை. பள்ளம் இருந்ததால் இளசு என்று நினைத்துவிட்டோம். ரப்பர் உள்ளுக்குள் இறுகிப்போயிருந்தது.

மாரியப்பனிடம் போனேன். "கம்பெனி வேற வேற போட்டதுதான் காரணமா?" என்று கேட்டேன். "அது ஒண்ணும் தப்பில்லக்கா. ஒரு அச்சுல இருக்கிற ரெண்டும், முன்னாடி ரெண்டும் பின்னாடி ரெண்டும், ஒரே ஜோடியா, ஒரே ரகமா இருக்கணும். அளவு நாலுக்கும் கார் கம்பெனி சொன்னதா இருக்கணும். அம்புட்டுத்தான். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு பாதி ஊரு அப்பிடித்தான் ஓடுது" என்றார். "அப்ப புதுசை ஏன் முன்னாடி போட்டீக?" என்றேன். "இழுக்கிறது முன் சக்கரம், திருப்புறது முன் சக்கரம். பிரேக் போட்டா பாரம் வாங்குறதும் அதுதான். நல்லதை அங்கனதான போடணும்?" அவர் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில், முன்னால் நன்றாகப் பிடிக்கிற டயரும் பின்னால் பிடிக்காத டயருமாக ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லையே என்று தோன்றியது. கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். போனில் தேடினால் அங்கேயும் சண்டை. சரி, ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

எங்கே ஓட்டுவது? விருதுநகரில் உன் மாமா மிளகாய் வத்தல் காயப்போடும் களம் நினைவுக்கு வந்தது. மழை மாதத்தில் அங்கே வத்தல் காயாது. பெரிய சிமெண்டுத் தளம் சும்மா கிடக்கும். யார் ஓட்டுவது? விசாரித்து அந்த வேன் டிரைவர் பாண்டியைப் பிடித்தேன். நன்றி சொல்லத்தான் முதலில் கூப்பிட்டேன். பேச்சோடு பேச்சாக, "எதுத்தாப்ல வந்தீகளே, நீங்க என்ன பாத்தீக?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். "அண்ணாச்சி திருப்புனது சரியாத்தான் இருந்துச்சும்மா. பின்பக்கம்தான் வளுக்கிருச்சு. ஆனா மறைக்காமச் சொல்லணும்னா, மளைக்கு அந்த வேகம் கொஞ்சம் சாஸ்திதான்" என்றார். இரண்டையும் சொன்னதால் அவரை நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாண்டி ஓட்ட, நான் முன்னால், அப்பா பின்னால் என்று களத்துக்குப் போனோம். "ஊரே சிரிக்கப் போகுது" என்று அப்பா வழி முழுக்க முனகினார். மாமா தொட்டித் தண்ணீரைக் குழாயில் திறந்துவிட்டார். நாங்கள் யாரும் நினைக்காத ஒன்று, களத்தின் வெடிப்புகளில் இருந்த வத்தல் தூள். தண்ணீர் பட்டு, அதன் மேல் சக்கரம் ஓடியதும் கிளம்பியது பார் ஒரு நெடி! பாண்டி தும்மினார், மாமா தும்மினார், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் புரட்டாசிக்குப் பிறகு அப்பா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிப்பும் தும்மலும் சேர்ந்து வந்ததால் எது எதுவென்று தெரியவில்லை.

பாண்டி வட்டமாகத் திருப்பிக்கொண்டே வந்து, மெதுவான வேகத்தில்தான், காலை எடுத்து லேசாக பிரேக் மிதித்தார். பின்பக்கம் வீசிக்கொண்டு வந்தது. திரும்பவும் செய்தார், திரும்பவும் வந்தது. "சொல்லாமக் கொள்ளாம வருதும்மா. உக்காந்திருக்கிற ஆளுக்குத் தெரியிறதுக்குள்ள பாதி சுத்திருது" என்றார். பிறகு ஜாக்கி வைத்து முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றினோம். அதே வட்டம், அதே தண்ணீர், அதே பிரேக். இப்போது கார் சுற்றவே இல்லை. ஆனால் ஒழுங்காகத் திரும்பவும் இல்லை. மூக்கு வெளியே வெளியே போனது. "இதுவும் வளுக்கத்தானே செய்யுது?" என்று ஏமாற்றத்தோடு கேட்டேன். பாண்டி யோசித்தார். "ஆமாம்மா. ஆனா இது கையில தெரியுது. ஸ்டியரிங் லேசாகுது, நம்ம பயந்து வேகத்தைக் குறைச்சா தானா வந்து சேருது. அது அப்பிடி இல்ல" என்றார்.

கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்தார். "எறங்குப்பா, நான் பாக்கேன்" என்றார். ஓட்டினார். மாற்றிய டயரோடு ஓட்டினார், பழையபடி மாட்டச் சொல்லியும் ஓட்டினார். முதல் தடவை பின்பக்கம் வீசியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை, தொலைத்த பொருள் கிடைத்த மாதிரி ஒரு முகம். "இதுதான், இதேதான் அன்னிக்கு!" என்று கண்ணாடி வழியாகக் கத்தினார். கதிர், கதையை நான் இங்கேயே முடித்திருந்தால் எனக்குத்தான் வெற்றி. டயர்தான் காரணம், உன் அப்பா இளைஞர் என்று உனக்குத் தந்தி அடித்திருப்பேன். அவர் முடிக்க விடவில்லை.

காரை விட்டு இறங்கியவர் என்னிடம் வந்து, "டயரைச் சோதிச்சாச்சுல்ல? இப்ப என்னைச் சோதி" என்றார். "உங்களை என்னங்க சோதிக்க?" என்றேன். "அவன் சொன்னானே, கண்ணு காலு முன்ன மாதிரி இல்லன்னு. அது நெசமா இல்லையான்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றார். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசை இல்லை. எல்லாவற்றையும் திரும்பிப் பார்க்கிற எனக்கு, அதை மட்டும் பார்க்க வேண்டாம் என்றிருந்தது. அவரே ஒரு காலிச் சாக்கை எடுத்து மாமாவிடம் கொடுத்தார். காய்ந்த பக்கம் ஓட்டி வருவேன், எப்போது என்று சொல்லாமல் குறுக்கே வீசு, எங்கே நிற்கிறேன் பார்ப்போம் என்று ஏற்பாடு. பாண்டி ஒரு தடவை, அவர் ஒரு தடவை என்று மாறி மாறி ஓட்டினார்கள்.

வெயில் இருக்கும் வரை பெரிய வித்தியாசம் இல்லை. பாண்டி நிறுத்துகிற இடத்தைத் தாண்டி அப்பா ஒரு முழம், ஒன்றரை முழம் போய் நின்றார், அவ்வளவுதான். "ஏ, பரவாயில்லப்பா!" என்று மாமா கைதட்டினார். பிறகு மேகம் மூடிக்கொண்டு பொழுது மங்கியது. போகலாம் என்றேன். இன்னும் ஒரு தடவை என்று அப்பா காரில் ஏறினார். மாமா சாக்கை வீசினார். கார் நிற்கவே இல்லை. சாக்கின் மேல் ஏறி, தாண்டி, களத்தின் கோடி வரை போய் நிதானமாகத் திரும்பி வந்தது. "எப்ப வீசப்போறீக?" என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டார். எங்கள் முகத்தைப் பார்த்து இறங்கி, நடந்து போய், டயர் தடம் பதிந்த அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். மடித்து மாமா கையில் கொடுத்தார். "மங்கலான நேரத்துல இருக்கு சமாசாரம்" என்றார். குரலில் அழுகை இல்லை. பாண்டியிடம் திரும்பி, "வீட்டுக்கு நீயே ஓட்டுப்பா" என்று சாவியைக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த வாரமே மதுரையில் கண்ணைக் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை முற்ற ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். உன் கல்யாணம் முடிந்ததும் எடுத்துவிடுவதாக இருக்கிறோம். உனக்குச் சொல்லாததற்குக் காரணம், நீ உடனே கிளம்பி வந்துவிடுவாய் என்று அவர் சொன்னதுதான்.

ஆக, நீ சொன்னதும் பாதி சரி, நான் நினைத்ததும் பாதி சரி. பழைய பின் டயர்களைத் தூக்கிப் போட்டோம். முன்னால் இருந்த ஜோடியைப் பின்னால் மாற்றி, அதே ரகத்தில் இன்னொரு ஜோடியை முன்னால் மாட்டினோம். மாரியப்பனிடம் களத்தில் நடந்ததைச் சொன்னேன். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "எதுக்கும் என் வண்டியையும் மாத்திப் பாக்கேன்க்கா" என்றார். மாற்றினாரா தெரியாது. அப்பா மறுபடி ஓட்டுகிறார். பகலில் மட்டும், மழை இல்லாதபோது மட்டும். அச்சகத்தில் சுவரைப் பிடிக்காமல் படி ஏறுகிறார். தன்னால் எது முடியாது என்று தெரிந்துகொண்ட பிறகு, முடிகிற காரியத்துக்கெல்லாம் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது புதுமையாகத்தான் இருக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். வேறு கம்பெனி போடலாம். ஒரே அச்சில் இரண்டும் ஒரே ஜோடியாக, ஒரே ரகமாக இருக்கட்டும். அளவு காருக்குச் சொல்லியிருக்கும் அளவாகவே இருக்கட்டும். புது ஜோடியைப் பின்னால் மாட்டி, பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவரச் சொல். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை. அதற்கு முன்னால் அந்தப் பழைய ஜோடியின் நாலு எண்ணைப் படி. வயசு அதிகமென்றால் நாலையும் மாற்றிவிடு. இது நாங்கள் ஒரு களத்தில் பார்த்தது. உங்கள் ஊரில் விஷயம் தெரிந்தவர்களிடமும் கேட்டுக்கொள். கணவன் மனைவியைப் பற்றி இதிலிருந்து ஏதோ சொல்ல வருகிறேன் என்று தேடாதீர்கள். டயரைப் பற்றித்தான் சொல்கிறேன். ஆனால் ஒன்று மட்டும், யாழினிக்கும் சேர்த்து: ஒருத்தரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அதை அவர் காதில் போடும் முன் ஒரு தடவை பக்கத்தில் போய்ப் பாருங்கள். நீங்கள் சொல்வது நிஜமாகவே இருக்கலாம். எந்த அளவுக்கு நிஜம் என்பது பார்த்தால்தான் தெரியும்.

நீங்கள் வந்த மறுநாள் விருதுநகருக்கு மாமா வீட்டு விருந்துக்குப் போக டிரைவர் ஏற்பாடு பண்ணச் சொல்லியிருந்தாய். இதை எழுதும்போது அப்பா பின்னால் வந்து நின்று படித்துவிட்டு, அதற்குப் பதிலைத் தான் சொல்கிறபடியே எழுதச் சொன்னார். "போகும்போது பகல். நான் ஓட்டுறேன். திரும்பும்போது பொழுது சாஞ்சிரும், கதிர் ஓட்டட்டும். நான் பின்னாடி மருமகளோட பேசிட்டு வாரேன்."

அன்புடன்,
அம்மா